ஏழு பேர், பதின்மூன்று காது

அந்தக் கருவி நாச்சிமுத்துவின் வீட்டில் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சுகிர்தா அதைக் கொண்டுபோய் மாட்டினாள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைக் கழற்றி எடுத்துவர அதே வாசலில் வந்து நின்றாள். இடையில் அது பாடியது கால்மணி நேரம்கூட இருக்காது.

ஸ்பீக்கர் வைக்க இடம் போதவில்லை என்பதுதான் அந்த வீட்டார் சொன்ன காரணம். திருப்பித் தருகிற எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள்.

நாச்சிமுத்து வீட்டுக் கூடத்தில் இருபது பேர் பாய் விரித்துப் படுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தது. சிங்காநல்லூரில், மூடிப்போன ஒரு மில்லின் சுற்றுச்சுவரை ஒட்டிய தெரு. நாச்சிமுத்து அந்த மில் மூடும்வரை அதன் தறிக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். வெள்ளை வேட்டி, சட்டையோடு வாசலிலேயே காத்திருந்தார்.

“வாங்க அம்மிணி. பன்னெண்டு மணிக்குப் புள்ளையப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள முடிஞ்சிருமுங்களா?”

“முடிஞ்சிரும் சார்.”

சுகிர்தா இயற்பியலில் முதுகலை படித்தவள். நாதவெளி என்ற இசைக் கம்பெனியின் கோவைக் கிளையில் கருவிகளை மாட்டிக் கொடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் கைதட்டி, விசிலடித்து, காதால் கேட்டு ஸ்பீக்கர்களைச் சரிசெய்வார்கள். அவள் மீட்டரைப் பார்த்து மட்டுமே செய்வாள். அதனாலேயே அவள் வேலை சுத்தமாக இருக்கிறது என்று மேலாளர் ஆல்வின் பாராட்டுவார். அந்தப் பாராட்டுக்கு அவள் சிரிக்கமாட்டாள்.

நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னாடியெல்லாம் அஞ்சு ஸ்பீக்கரு, ஆறு ஸ்பீக்கருன்னு வித்தாங்களே, அதெல்லாம் என்னங்க ஆச்சு? எங்க மேனேஜரு வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. பாடாமச் சும்மாக் கெடந்துச்சு, அதும் மேல ரேடியோ பொட்டி வெச்சிருந்தாங்க.”

“அதுல நடுவுல ஒரே ஒரு எடத்துல உக்காந்தாத்தான் சரியா கேக்கும் சார். நம்ம வீடுகள்ல யாரு நடுவுல உக்கார்றாங்க? சோபாவச் செவுத்தோட ஒட்டிப் போட்டுர்றோம்.”

“நடு எடம் யாருக்குன்னு சண்டையும் வந்துருக்குமே.”

“அதுவும்தான். அப்புறம் ரெண்டு கம்பெனி ரெண்டு விதமா பாட்டு வட்டு போட்டாங்க. இவங்க வட்டு அவங்க மெஷின்ல ஓடாது. எது ஜெயிக்கும்னு ஜனங்க காத்திருந்தாங்க. காத்திருந்து காத்திருந்து போன்லயே கேட்டுப் பழகிட்டாங்க.”

“இதுல நடு எடம் எதுங்க?”

“இதுல நடுங்கறதே இல்ல சார். நீங்க எங்க உக்காந்தாலும் மெஷின் உங்க காதத் தேடிப் புடிச்சிரும். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியா அனுப்பும். வட்டுல நாப்பத்தெட்டு மைக்குல எடுத்த சத்தம் அப்படியே இருக்கு. போன்ல அவ்வளவும் வராது.”

“காத எப்புடிங்க தேடும்?”

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். இதை விளக்குவது அவளுக்குப் பிடிக்கும். விளக்கத்தின் கடைசிப் பகுதி மட்டும் பிடிக்காது.

“நல்ல காது சத்தத்த வாங்கிக்கிறதோட நிக்காது சார். உள்ள போன சத்தத்துக்குப் பதிலா அதுவும் சின்னதா ஒரு சத்தம் விடும். நமக்கே கேக்காது. பொறந்த கொழந்தைக்குக் காது கேக்குதான்னு ஆஸ்பத்திரில பாக்குறது இத வெச்சுத்தான். அங்க காதுக்குள்ள குழாய் வெச்சுப் பாப்பாங்க. இந்த மெஷின் தூரத்துலேர்ந்தே அதப் புடிச்சிரும்.”

“கேக்காத காதா இருந்தா?”

“பதில் வராது. மெஷினப் பொறுத்தவரைக்கும் அங்க காதே இல்ல.”

“அப்படிங்களா” என்றார் நாச்சிமுத்து.  எழுந்துபோய், நேராக இருந்த திரைச்சீலையை இன்னொரு முறை நேராக்கினார்.

“தறிக்கூடத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காதுங்க. வாயசைவப் பாத்துத்தான் பேசிக்குவோம். சத்தத்துக்குள்ளயே இருந்தவன் நானு. ஒரு நாளாச்சும் நல்ல சத்தத்துக்கு நடுவுல உக்காரோணும்னு ஆசை. அதான் வாங்கிட்டேன்.”

கருவியின் முகப்பில் சின்னத் திரை ஒன்று உண்டு. அறையில் எத்தனை பேர், எத்தனை காது என்று அது எண்ணிக் காட்டும். ஆட்களை உடம்புச் சூட்டை வைத்துக் கணக்கெடுக்கும். யாருடைய காது என்று காட்டாது. அப்படிக் காட்டினால் வழக்கு வரும் என்று கம்பெனி எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டது. மாட்டிக் கொடுப்பவர் பாட்டு ஓடும்போது அறைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் கணக்கில் வெளியாள் சேரக் கூடாது. அந்த விதியைச் சுகிர்தா ஒரு நாளும் மீறியதில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. மாப்பிள்ளை சஞ்சய், அவன் அம்மா ரேவதி, அப்பா. மூன்று பேர்.

நாச்சிமுத்துவின் மனைவி சாந்தாமணி சமையலறை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“மாப்பிள்ளையோட மாமா வரலீங்களா?”

“வந்துட்டே இருந்தாருங்க. பல்லடத்துக்கிட்ட டயரு போயிருச்சு. நீங்க ஆரம்பிச்சுருங்கன்னுட்டாரு” என்றாள் ரேவதி. அவளுக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்தது. நல்ல காரியத்துக்கு மூன்று பேராக யாரும் வருவதில்லை.

கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்த சுகிர்தாவின் கையைச் சாந்தாமணி பிடித்தாள்.

“கண்ணு, நீ போயி அவிய கூட உக்காரு. ஒரு வாய் காப்பி குடி. மூணாக் கூடாது.”

“இல்லீங்கம்மா, நான் வெளிய நிக்கணும். கம்பெனி ரூல்.”

“கம்பெனிக்கு என்ன தெரியும்? என்ற புள்ள காரியம் கண்ணு. செத்த நேரம்.”

ரேவதியும் திரும்பி, “அட, வந்து உக்காரும்மா. எங்க பொண்ணுன்னு வெச்சுக்கறோம்” என்று சிரித்தாள். மாப்பிள்ளையின் அப்பா நகர்ந்து இடம் விட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும்போல அப்போதும் அவளால் மறுக்க முடியவில்லை. சோபாவின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

தன்யா காப்பித் தட்டோடு வந்தாள். குனிந்த தலை நிமிராமல் கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சஞ்சய் அவளைப் பார்த்துவிட்டுக் காப்பியைப் பார்த்தான். பிறகு மறுபடி அவளைப் பார்த்தான்.

“பாட்டுப் போடுங்க அம்மிணி” என்றார் நாச்சிமுத்து பெருமையாக.

கோயில் மண்டபம் ஒன்றில் எடுத்த நாதஸ்வரக் கச்சேரி. வட்டு சுழன்றது. ஸ்பீக்கர் இருப்பதே மறந்துபோனது. கூடத்துக்குள் மண்டபம் வந்துவிட்டது. எங்கோ புறா சிறகடித்தது. சாந்தாமணி சட்டென்று பின்னால் திரும்பினாள்.

“ஏனுங்க, தவிலுக்காரரு நம்ம சமையக்கட்டுல நின்னு வாசிக்கறாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். தன்யாகூட நிமிர்ந்து சிரித்தாள். அது நன்றாக இருந்தது. அந்த இரண்டு நிமிடம் எல்லாமே நன்றாக இருந்தது.

ரேவதிதான் திரையைப் பார்த்தாள்.

“அதென்ன கணக்கு? ஏழு பேரு, பதிமூணு காது?”

“எங்க சஞ்சயி ஒரு காத ஆபீஸ்லயே வெச்சுட்டு வந்துட்டானாட்ட இருக்குது” என்றார் அவன் அப்பா. சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றது. நாதஸ்வரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“ஏழு பேருக்குப் பதினாலுதானுங்களே வரோணும்?”

 ரேவதி ஒவ்வொருவராகப் பார்த்தாள். தன் கணவரை, மகனைப் பார்க்கவில்லை. சுகிர்தாவைத் தாண்டிப் போனாள். சத்தம் விற்கும் கம்பெனியிலிருந்து வந்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? பார்வை தன்யாவிடம் வந்து நின்றது.

“அம்மிணி, கொஞ்சம் தண்ணி கொண்டாறயா?”

மெல்லத்தான் கேட்டாள். வேண்டுமென்றே மெல்லக் கேட்டாள். தவில் உச்சத்தில் இருந்தது. தன்யா தலையைக் குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசையவில்லை.

ரேவதி கணவரைப் பார்த்தாள்.

நாச்சிமுத்து எழுந்தார். வேகமாகப் போய் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். மண்டபம் மறைந்தது. ஒயர் அவர் கையில் தொங்கியது. எதையோ மறைக்கிற ஆளைப்போல நின்றார்.

“மெஷினு புதுசு பாருங்க... அதுக்கே இன்னும் கணக்குப் புடிபடல” என்றார்.

எல்லோரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். மெஷின் தப்பு செய்யுமா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“சளி புடிச்சிருந்தாக்கூட... சில நேரம் காது பதில் குடுக்காது” என்றாள்.

அது உண்மைதான். அந்த அறையில் யாருக்கும் சளி பிடித்திருக்கவில்லை என்பதும் உண்மை.

“போயிப் பேசிட்டுச் சொல்றமுங்க” என்று ரேவதி எழுந்தாள். சஞ்சய் வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். மூன்று பேராகவே போனார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் ஆல்வின் வெள்ளைப் பலகையில் வட்டம் வரைந்து அதை இரண்டாகப் பிரித்தார். பெரிய துண்டு திரும்பி வந்த கருவிகள்.

“சென்னைல கேக்குறாங்க. இவ்வளவு நல்ல சாமான், ஏன் சுகிர்தா ஓட மாட்டேங்குது?”

“வெலை, சார்.”

“அதவிட வெலைக்கு டிவி வாங்குறானே.”

“வட்டு கம்மி.”

“வட்டு கம்மின்னு ஒருத்தன்கூட சொல்லல. எல்லாரும் எடம் இல்லைங்கறான். போன வருஷம் எடம் இல்லைன்னான், ஸ்பீக்கரப் பாதியாக்கினோம். இந்த வருஷமும் எடம் இல்லைங்கறான். அடுத்ததுல தீப்பெட்டி சைஸுக்குக் கொண்டு வர்றாங்களாம். அப்பவும் எடம் இல்லைன்னுதான் சொல்லுவான், பாரு.”

சுகிர்தா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அந்த எண்ணிக்கையத் திரையிலேர்ந்து எடுத்துரலாம் சார்.”

ஆல்வின் மார்க்கரை மூடினார்.

“ஷோரூம்ல ஆள் நின்னு பாக்குறதே அந்த நம்பரைத்தான். அம்மா, அப்பா, புள்ளைங்கன்னு குடும்பமா நின்னு எண்ணிப் பாத்துக் கைதட்டுறாங்க. அதுதான் விக்குது.”

“வீட்டுக்குப் போனா அதுதான் திரும்பி வருது சார்.”

 அவர் குரலைத் தாழ்த்தினார். அவள் அவர் முகத்தைப் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பினாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? என் மாமனார் வீட்டுல மாட்டினேன். மனுஷன் டிவிய மட்டும்தான் சத்தமா வைப்பாரு, மத்தபடி பிரச்சினை இல்லைன்னு நினைச்சிருந்தோம். நாலு பேரு, ஆறு காதுன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் அவர் ஹாலுக்கே வர்றதில்ல. ரூம்லயே சாப்புடுறாரு.”

“இத மேல சொல்லலாமே சார்.”

“எப்படிச் சொல்றது? திருப்பித் தர்றவன் எவன் ‘எங்க வீட்டுல செவிடு இருக்கு’ன்னு சொல்லுவான்? கண்ணு தெரியலைன்னா கண்ணாடிய மாட்டிட்டுப் போட்டோ எடுத்துக்கிறான். காது கேக்கலைன்னா காமெடி. சினிமாவுல பாரு, செவிடு வந்தாலே சிரிப்புதான். எங்க வீட்டுலயும்தான் சிரிச்சோம், மாமனார் எந்திரிச்சுப் போற வரைக்கும்.” பலகையைத் துடைத்தார். “நாளைக்கு சிங்காநல்லூர்ல ஒண்ணு எடுக்கணும். எடம் போதலையாம்.”

அன்று மாலை ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

“சனிக்கிழமை வந்துரு. திண்டுக்கல்லேர்ந்து பாக்க வர்றாங்க.”

“அம்மா, இந்தத் தடவ முன்னாடியே...”

“ஒண்ணும் வேண்டாம். வழக்கம்போல ஓரமா உக்காரு. யாராவது பேசுனா முகத்தப் பாத்துப் பதில் சொல்லு. அவ்வளவுதான். நம்மளா எதையும் சொல்லிக்க வேண்டாம்.”

அவள் கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். அம்மா அந்தச் சங்கிலியை இதுவரை கழற்ற விட்டதில்லை.

புதன்கிழமை காலையில் வாசலில் கோலம் இல்லை. தன்யாதான் கதவைத் திறந்தாள். நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த குனிந்த தலை இல்லை.

“வாங்கக்கா. சத்தமாப் பேசுங்க, எனக்குத்தான் ஒரு காது கேக்காதே.”

சுகிர்தா அப்படியே நின்றாள்.

“சும்மா சொன்னேன்க்கா. நேத்துப் பெரியம்மா போன் பண்ணி, எந்தப் பக்கம் கேக்காதுன்னு கேக்கறாங்க. எந்தப் பக்கம்னு இனி நானே முடிவு பண்ணிக்கோணுமாட்ட இருக்குது. வலதா இடதா? எது நல்லாருக்கும்?”

“டாக்டர்கிட்டப் போயி ஒரு டெஸ்ட் எடுத்தா...”

“சொன்னனே. அம்மா விடல. போனதே செய்தியாயிருமாம்.” தன்யா கருவியைப் பார்த்தாள். அதன்மேல் ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தது. “இதத் திருப்பி ஒருக்காப் போட்டுப் பாத்தாப் போதும்க்கா. நாங்க மூணு பேரும் உக்காந்தா ஆறு வருதா அஞ்சு வருதான்னு தெரிஞ்சிரும். அப்பா தொடவே விட மாட்டீங்கறாரு. ஆறு வந்துட்டா அவிய பக்கந்தான் குறைன்னு ஆயிரும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள எப்புடி அப்புடிச் சொல்றதுங்கறாரு.”

பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, “எனக்கு அவனப் புடிச்சிருந்துச்சு. தண்ணி கேட்டது நிஜமாவே கேக்கலக்கா. அவன் காப்பிக் கப்ப எப்புடிப் புடிச்சிருக்கான்னு யோசிச்சிட்டு இருந்தேன்” என்றாள்.

சுகிர்தாவுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைத் திறந்தாள். 

நாச்சிமுத்து உள்ளேயிருந்து வந்தார். சவரம் செய்யாத முகம். பின்னால் சாந்தாமணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“அப்பா, அக்கா கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒருக்காப் போடலாம்” என்றாள் தன்யா.

“வேண்டாம் சாமி.”

“ஏன் வேண்டாம்? உங்களுக்கும் என் மேல சந்தேகமா?”

“அது இல்ல கண்ணு.”

“பின்ன என்னங்கப்பா?”

அவர் சோபாவில் உட்கார்ந்தார். கையை முழங்காலில் வைத்து, நிமிர்த்தி, மறுபடி வைத்தார்.

“அது என்ற காது சாமி.”

சாந்தாமணியின் கை முந்தானையிலேயே நின்றது.

“தறிக்கூடத்துக் காது. அங்க இருந்த பாதிப் பேருக்குப் போயிருச்சு. எனக்குப் போகலைன்னு நெனச்சிட்டு இருந்தேன். இந்த அம்மிணி அன்னிக்கு மெஷினப் பத்திச் சொல்லறப்பவே எனக்கு உறுத்துச்சு. நம்பரு வந்ததும் தெரிஞ்சு போச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். வாய் வரல. பொண்ணப் பாக்க வந்தவங்க முன்னால அப்பன் செவிடுன்னு சொல்ல வாய் வரல. அந்தம்மா உன்னப் பாத்தா. நான் ஒயரப் புடுங்கினேன்.” அவர் மகளைப் பார்க்கவில்லை. “மூணு நாளா எல்லாரும் உன்னக் குறை சொல்ல விட்டுட்டு உக்காந்திருக்கறேன்.”

தன்யா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.  அவர் கையிலிருந்து எதையோ வாங்கிக்கொள்வதுபோல விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

சுகிர்தாவின் உடம்பில் எதுவோ தளர்ந்தது. முடிந்துவிட்டது என்று தோன்றியது. அவராகவே சொல்லிவிட்டார். தன்யா தப்பித்துவிடுவாள். கருவியைக் கழற்றி வேனில் ஏற்றினால் போதும். சனிக்கிழமை ஊருக்குப் போய் ஓரமாக உட்காரலாம்.

அது நிம்மதி என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் முகம் கொதித்தது. அன்றைக்கு ஒயரைப் பிடித்தபடி நின்ற மனிதரை அவள் பார்த்திருக்கிறாள். அப்போதும் அவள் காப்பித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“உங்க காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார்” என்றாள். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. யார் காதிலும் விழவில்லை.

நாச்சிமுத்து போனை எடுத்திருந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

“ஏனுங்க, நாச்சிமுத்து பேசறனுங்க.”

“சொல்லுங்க” என்றது ரேவதியின் குரல். அதில் பழைய சிரிப்பு இல்லை.

“அன்னிக்கு அந்த மெஷினு காட்டுச்சு பாருங்க, அது என்ற காதுங்க. மில்லுல போன காது. புள்ளைக்கு ஒரு குறையும் இல்லீங்க. நாந்தான் சொல்லாம இருந்துட்டனுங்க. மன்னிச்சுக்கோணும்.”

 அந்தப் பக்கம் அவள் யாரிடமோ பேசுவது மங்கலாகக் கேட்டது.

“மில்லுல போச்சா, பொறப்புலயே அப்புடியாங்க?”

“மில்லுலதானுங்க.”

“நீங்க சொல்றீங்க. அத எப்புடிங்க நாங்க தெரிஞ்சுக்கறது? அன்னிக்கு மறைச்சீங்க, இன்னிக்கு இப்புடிச் சொல்றீங்க. அப்பனுக்கு இருந்தா நாளைக்குப் பேரன் பேத்திக்கு வராதுன்னு என்ன நிச்சயம்? புள்ளைக்குன்னாக்கூட அது ஒருத்தரோட போயிரும். இது வம்சமில்லீங்களா?” அவள் குரலில் கோபம் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். “சஞ்சயி ரெண்டு நாளா சரியாச் சாப்புடல. நாங்களும் எப்புடியாச்சும் ஒத்துக்கலாம்னுதான் பேசிட்டு இருந்தோமுங்க. இனி என்னங்க சொல்றது?”

 தான் சரிசெய்ய நினைத்தது தன் கையிலேயே உடைந்ததை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தாமணி சுவரில் சாய்ந்தாள். தன்யா தலையைக் குனிந்தாள், ஞாயிற்றுக்கிழமை குனிந்ததைப்போலவே.

“போன வெச்சுரட்டுங்களா?” என்றது போன்.

“இருங்க” என்றாள் சுகிர்தா.

இந்த முறை சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் மேசையிலிருந்து போனை எடுத்தாள். கை பழக்கத்தில் அதை வலது பக்கம் கொண்டுபோனது. பாதி வழியில் நிறுத்தினாள். இறக்கி, ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும் என்று முன்னால் பிடித்துக்கொண்டாள்.

“யாருங்க அது?”

“நான் சுகிர்தாங்கம்மா. மெஷின் மாட்ட வந்த பொண்ணு. அன்னிக்கு உங்ககூட சோபாவுல ஓரமா உக்காந்திருந்தேன்.”

“ஆமா, மூணா வந்தோம்னு உக்கார வெச்சாங்க. சொல்லும்மா.”

“அந்த ஏழு பேர்ல நானும் ஒருத்திங்கம்மா. இவருக்கு ரெண்டு காதும் நல்லா கேக்கும். தன்யாவுக்கும் கேக்கும். இந்த வீட்டுல யாருக்கும் எந்தக் குறையும் இல்ல.” அவள் கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. “பதினாலாவது காது என்னோடது. இடது காது. ஏழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. எங்கம்மா என் கழுத்துல தங்கச் சங்கிலி போட்டுவிட்டாங்க. வீக்கம் வத்திருச்சுங்கம்மா. காது மட்டும் திரும்பி வரல.”